பிடியரிசியும் கடனட்டையும்

(நூற்றாண்டையொட்டி இலண்டனில் கூடிய பழைய மாணவியர் முன்னிலையில் நிதிக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



நிதிக்குழு பேச எழும்பினால் எல்லோரும் கைப்பையை இறுக்கிப் பிடிப்பது வழக்கம். இன்று பயப்பட வேண்டாம், காசு கேட்க வரவில்லை. நீங்கள் தரும் காசு எந்த வழியால் வரவேண்டும் என்பதை நாங்கள் எப்படித் தெரிவுசெய்தோம், எங்கே பிழைவிட்டோம் என்று சொல்லும்படிதான் செயற்குழு எங்களைப் பணித்திருக்கிறது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் எங்கள் தோழிகளும் இதே கேள்வியோடு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இது உதவும் என்று நினைக்கிறோம்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் காசு சேர்த்துப் பழகிய கல்லூரியில் படிக்கவில்லை. உடுவிலில் அமெரிக்க மிஷனார் 1824 இலேயே பெண்களுக்குப் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். சைவப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் தமது சொந்தப் பொருளைக் கொண்டு கல்லூரியை எழுப்பினார். அவருக்குப் பிறகு லேடி இராமநாதன் அந்தப் பாரத்தைச் சுமந்தார். ஆகவே வாங்கிப் படித்த பிள்ளைகள் நாங்கள்.

ஊரில் எல்லாப் பாடசாலைகளுக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. நாவலர் காலத்திலிருந்து சைவப் பள்ளிக்கூடங்களுக்குப் பிடியரிசி சேர்க்கும் வழக்கம் இருந்தது. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை வேறாக ஒரு முட்டியில் போட்டுவைப்பார்கள். சேர்க்க வருபவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். எங்களில் மூத்தவர்களின் அம்மம்மாமார் அப்படிப் போட்டவர்கள்தான். அந்த அரிசியைக் கொடுத்தது அடுப்படியில் நின்ற பெண். கணக்குக் கொப்பியில் எழுதியது அநேகமாக வீட்டுக்காரருடைய பெயராக இருந்திருக்கும். இதை ஏன் சொல்கிறோம் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் எங்கள் பெரிய பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

2010 ஆம் ஆண்டு, சண்டை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, உயர்தர வகுப்பில் படிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கு மாதாமாதம் பஸ் காசும் ரியூஷன் காசும் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். எல்லோருக்கும் அவசரம். சங்கத்துக்கு இங்கே பதிவும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. எங்களில் ஒருவருடைய சொந்தப் பெயரில் ஒரு கொடுப்பனவு நிறுவனத்தில் கணக்குத் திறந்தோம். பத்து நிமிட வேலை. இரண்டு கிழமைக்குள் அறுபது பேர் மட்டில் காசு போட்டார்கள். நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

மூன்றாம் கிழமை கணக்குப் பூட்டப்பட்டது. யார் நீங்கள், எதற்காக இத்தனை பேர் ஒருவருக்குக் காசு அனுப்புகிறார்கள், இந்தக் காசு எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே யார் வாங்குகிறார்கள் என்று கேள்விகள் வந்தன. நாங்கள் பதில் எழுதினோம். மேலும் கேட்டார்கள். மீண்டும் எழுதினோம். பதினொரு கிழமை இழுபட்டது. அந்த நிறுவனத்தை இங்கே குறைகூற வரவில்லை. தனி ஒருவரின் கணக்கில் அறுபது பேருடைய காசு விழுந்து, அது வட இலங்கைக்குப் போகப்போகிறது என்றால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். பல பெயர்களில் பலர் எங்கள் கதவுகளைத் தட்டிக் காசு சேர்த்த காலம் இந்த மண்டபத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சில அக்காமார் இன்றைக்கும் வங்கி விபரத்தைத் தொலைபேசியில் சொல்லத் தயங்குவது அதனால்தான். தயங்குவதில் பிழையுமில்லை. சங்கத்தை ஒழுங்காகப் பதிவுசெய்யாமல் தனி ஆளின் பெயரில் காசு வாங்கியது நாங்கள். அந்தத் தோழி தன் வங்கிக்கும் விளக்கம் சொல்லி, வீட்டிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் பதினொரு கிழமையில் ஊரில் நாலு பிள்ளைகளுக்கு எங்கள் சங்கத்தினர் தங்கள் கைக்காசைப் போட்டுச் சமாளித்தார்கள். ஐந்தாவது பிள்ளையின் தாய் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் அந்தத் தவணை ரியூஷனுக்குப் போகவில்லை. பரீட்சைக்கு இருந்தாள், ஒரு பாடம் விழுந்தது. காசு பிந்தியதால்தான் விழுந்தது என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அதனால் இல்லை என்று சொல்லவும் எங்களுக்குத் துணிவில்லை.

அதன் பிறகுதான் ஒழுங்கான வழிக்கு வந்தோம். இங்கிலாந்தில் ஒரு தர்ம நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 5,000 பவுணுக்கு மேற்பட்டால் அது ஆணைக்குழுவிடம் பதியவேண்டும். அதைவிடச் சிறியதென்றாலும் வரித் திணைக்களத்தின் அங்கீகாரம் இருந்தால்தான் கிஃப்ட் எய்ட் கிடைக்கும். வரி கட்டும் ஒருவர் 10 பவுண் தந்தால் அரசாங்கம் இன்னும் 2 பவுண் 50 பென்ஸ் தரும். இதைவிடப் பெரிய உபகாரம் எந்தக் கொடுப்பனவு நிறுவனமும் செய்யாது. ஆகவே எங்களிடம் வரும் எல்லாச் சங்கங்களுக்கும் நாங்கள் சொல்வது, முதலில் பதிவு, பிறகு இரண்டு கையொப்பத்தோடு சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, கடைசியாகத்தான் இணையப் பக்கம். நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம்.

இனி நிறுவனங்களுக்கு வருவோம். எங்கள் குழுவில் ஒருவர் ஒரு பெரிய அட்டவணை போட்டுக்கொண்டு வந்தார். யார் நூற்றுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று. நாலு கூட்டம் அதை வைத்துக்கொண்டு கதைத்தோம். ரீயும் வடையும் முடிந்ததுதான் மிச்சம், முடிவு வரவில்லை. ஏனென்றால் நூற்றுக்கு எவ்வளவு என்ற கேள்வி பாதிக் கேள்விதான். நிலையான கட்டணம் எவ்வளவு என்பது மற்றப் பாதி.

பேபாலை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 இல் பதிவுசெய்த தர்ம நிறுவனங்களிடம் இங்கே நூற்றுக்கு 1.4 வீதமும், ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் 20 பென்ஸும் எடுத்தார்கள். ஒருவர் 100 பவுண் தந்தால் போனது 1 பவுண் 60 பென்ஸ். மிக மலிவு. 10 பவுண் தந்தால் 34 பென்ஸ். பரவாயில்லை. ஆனால் மாதம் 2 பவுண் தருகிறேன் என்று ஒரு அக்கா சொன்னால் ஏறத்தாழ 23 பென்ஸ் போய்விடும். நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல்! பிடியரிசி சேர்க்க வந்தவர் பத்துப் பிடியில் ஒரு பிடியைத் தன் மடியில் கட்டிக்கொண்டு போனது மாதிரி.

ஜஸ்ட்கிவிங்கைப் பலருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைகள் மரதன் ஓடும்போது அங்கேதான் பக்கம் திறக்கிறார்கள். 2013 இல் அவர்கள் நூற்றுக்கு 5 எடுத்தார்கள், அட்டைக் கட்டணமும் மாதச் சந்தாவும் வேறு. கேட்டவுடன் எங்கள் பொருளாளர் முகத்தைச் சுளித்தார். ஆனால் அவர்கள் கிஃப்ட் எய்ட் படிவங்களை எல்லாம் தாங்களே பார்த்து, திணைக்களத்திடம் காசை வாங்கித் தருகிறார்கள். அந்த வேலைக்கு ஆளில்லாத சிறு சங்கத்துக்கு அது நட்டமில்லை. அதோடு 2 பவுண் தந்த அக்காவின் காசில் 20 பென்ஸ் வெட்டிய இடத்தைவிட அங்கே குறைவாகத்தான் போனது. பிரிட்டிஷ் ரெலிகொம் 2011 இல் தொடங்கிய மைடொனேற் சேவை அப்போது தனக்கென்று தரகே எடுக்கவில்லை, அட்டைக்குரிய கட்டணத்தை மட்டும் கழித்தது. காகிதத்தில் அதுதான் முதலாம் பிள்ளையாக இருந்தது.

காகிதத்தில் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அட்டவணையில் இல்லாத இரண்டு விஷயங்களை அனுபவத்தில்தான் கற்றோம்.

ஒன்று, ஒரு இரவில் நடந்தது. நாங்கள் பரீட்சார்த்தமாக ஒரு பக்கம் திறந்து வைத்திருந்தோம். காலையில் எழும்பிப் பார்த்தால் முப்பத்தெட்டுப் பேர் ஒவ்வொரு பவுண் தந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துத் தந்திருக்கிறார்களோ என்று ஒரு தோழிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பெயர்களைப் பார்த்தால் ஒன்றுகூட மருதனார்மடத்துப் பெயர் இல்லை. திருட்டு அட்டை வேலைசெய்கிறதா என்று பார்ப்பதற்குக் கள்ளர் இப்படித் தர்மப் பக்கங்களில் ஒரு பவுண் போட்டுப் பார்ப்பார்களாம். அத்தனையையும் திருப்பிக் கொடுத்தோம். அட்டைக்காரர் முறையிட்டுத் திரும்பிப் போகும் ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் தனியே தண்டம் உண்டு என்பதால் அன்று முழுக்க அதுதான் வேலை.

நிறுவனத்தில் கேட்டபோது, குறைந்த தொகை 10 பவுண் என்று வைத்துவிடுங்கள், கள்ளர் வரமாட்டார்கள் என்றார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். மாதம் 2 பவுண், 3 பவுண் தருபவர்கள் பதினேழு பேர். அநேகமாக எல்லோரும் ஓய்வூதியத்தில் இருக்கும் மூத்தவர்கள். அவர்களில் இருவர் எங்களுக்குப் படிப்பித்தவர்கள். கள்ளரைத் தடுக்கப் போட்ட படலையில் ரீச்சர்மார் வெளியே நிற்பதா?

இரண்டாவது விஷயம் பெயர். முதல் வருடக் கணக்கை அச்சடித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. பெண்கள் கல்லூரிப் பழைய மாணவியர் சங்கத்துக்குக் காசு தந்தவர்களில் பாதிப்பேர் ஆண்கள்! கடனட்டை கணவருடைய பெயரில். கணவர் பெயரில் இல்லாத அட்டைகளிலும் மனைவியின் பெயருக்குப் பின்னால் நிற்பது கணவருடைய பெயர். எங்களில் யாரும் அந்தப் பெயரில் வரவு இடாப்பில் இருக்கவில்லை. அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு எங்களை ஆறாம் வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். இப்போது அவளை அவள் பக்கத்து மேசையில் இருந்தவளே கண்டுபிடிக்க முடியாது. நன்றிக் கடிதம் யாருக்கு எழுதுவது? ஒரு ஐயாவுக்கு எழுதினோம். அவர் நல்ல மனிதர், தொலைபேசி எடுத்து, "நான் யாழ்ப்பாணத்திலேயே படிக்கவில்லை தங்கச்சி, அவவைக் கேளுங்கோ" என்று மனைவியிடம் கொடுத்தார்.

இது சிரிப்போடு முடிகிற விஷயமுமில்லை. கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையொப்பமிடவேண்டியவர் காசைத் தருபவர், அவர் அந்த ஆண்டு போதிய வரி கட்டியிருக்கவேண்டும். வரி கட்டாத ஒரு மூத்த அக்கா தெரியாமல் அந்தப் பெட்டியில் அடையாளம் போட்டால், குறையும் வரியை அவரிடமே திணைக்களம் கேட்கலாம். எங்களில் ஒருவருடைய தாயார் அப்படிப் போட்டிருந்தார். ஏன் அம்மா போட்டீங்கள் என்று கேட்டால், "அரசாங்கம் கூடத் தருமாம் பிள்ளை, ஏன் விடுவான்" என்றார். நல்லவேளை, திணைக்களத்திடம் கேட்பதற்கு முன் பிடித்துவிட்டோம்.

ஆகவே அட்டவணையை மடித்து வைத்துவிட்டு, குறைவாகத் தருபவர் எப்படித் தருவார், தந்தவள் யாரென்று எங்களுக்கு எப்படித் தெரியும், காசு மருதனார்மடத்துக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று மட்டும் கேட்டோம். முடிவு இப்படி அமைந்தது.

மாதாமாதம் தருபவர்களுக்கு எந்த நிறுவனமும் வேண்டாம். வங்கிக்கு நிலையியற் கட்டளை, ஸ்ராண்டிங் ஓடர் என்று நாங்கள் சொல்வது, அது போதும். 2 பவுண் என்றால் 2 பவுணும் சங்கத்தின் கணக்கில் விழும். ஒரு பென்ஸும் வெட்டமாட்டார்கள். புதுமை ஒன்றுமில்லை, இணையம் வருமுன்பே இருந்த வழிதான். நாலு கூட்டத்துக்குப் பிறகு இதற்குத்தான் வந்து சேர்ந்தோமா என்று எங்களுக்கே வெட்கமாக இருந்தது. அந்தப் படிவத்தில் குறிப்பு எழுத ஒரு இடம் உண்டு, 18 எழுத்து மட்டும். அதில் படித்த காலப் பெயரும் விலகிய ஆண்டும் எழுதச் சொல்லியிருக்கிறோம். எங்கள் பெயர்கள் 18 எழுத்துக்குள் அடங்கா என்பது உங்களுக்குத் தெரியும். முடிந்தவரை வெட்டி எழுதுங்கள், நாங்கள் விளங்கிக்கொள்வோம். 'பரமே' என்று வந்தாலும் எந்தப் பரமேஸ்வரி என்று கண்டுபிடிக்க எங்களிடம் ரீச்சர்மார் இருக்கிறார்கள்.

ஒரே தரத்தில் பெரிய தொகை தருபவர்களுக்கும், நிகழ்ச்சிகளுக்குச் சீட்டு வாங்குபவர்களுக்கும் அட்டைப் பக்கம். அங்கே குறைந்தது 10 பவுண். அந்தப் பக்கத்தைத் தெரிவுசெய்தபோது நூற்றுக்கு எவ்வளவு என்பதைவிட, எங்கள் சொந்தக் கேள்விகளை அதில் சேர்க்க விடுகிறார்களா என்றே முதலில் கேட்டோம். படித்த காலப் பெயர், விலகிய ஆண்டு, விடுதியில் இருந்தவரா, மலரில் பெயர் போடலாமா என்று நாலு கேள்வி. கிஃப்ட் எய்ட் பெட்டி வெறுமையாக இருக்கவேண்டும், முன்கூட்டியே அடையாளம் போட்டிருக்கக்கூடாது என்றும் கேட்டோம். கொடையாளர் பட்டியல் எங்கள் சொத்தா, அவர்கள் சொத்தா, நாளை வேறு நிறுவனத்துக்குப் போனால் எடுத்துக்கொண்டு போகலாமா என்றும் கேட்டோம். இந்தக் கேள்விக்குச் சிலர் நேராகப் பதில் சொல்லவில்லை. அவர்களை விட்டுவிட்டோம்.

பெயர் போடலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் நிறையப்பேர். காரணம் கேட்கவில்லை. அவர்கள் மலரில் "ஒரு பழைய மாணவி, 1974" என்று வருவார்கள்.

இனி ஊருக்குப் போய்ச் சேரும் வழி. எந்த நிறுவனத்தைப் பிடித்தாலும் அது இலண்டன் வரைதான். அப்போது இலங்கையிலிருந்து பேபாலால் காசு கொடுக்க முடிந்தது, அங்கே காசு பெறமுடியவில்லை. இதைத் தெரியாமல் ஊரிலேயே ஒரு கணக்குத் திறக்கச் சொல்லி எங்கள் தோழிகளை ஒரு மாதம் அலைக்கழித்தோம், அதற்கு இங்கே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறோம். இலண்டன் வங்கியிலிருந்து சுன்னாகத்து வங்கிக்கு அனுப்புவதற்கு ஒவ்வொரு தரமும் ஒரு நிலையான கட்டணம். மாதாமாதம் அனுப்பினால் பன்னிரண்டு கட்டணம், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அனுப்பினால் நாலு. ஆகவே ஒரு தவணைக் காசை முன்கூட்டியே அனுப்பி அங்கே வைத்திருக்கிறோம். 2010 இல் நடந்தது மாதிரி இங்கே எது பூட்டப்பட்டாலும் அந்தத் தவணைப் பிள்ளைகளுக்குத் தடையில்லை. இதை முன்பே செய்திருக்கலாம்.

இன்னுமொன்று. முதல் தரம் அனுப்பிய 500 பவுண் அங்கே குறைந்து போய்ச் சேர்ந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று இரண்டு பக்கமும் முகம் கறுத்தது. பிறகுதான் தெரிந்தது, நடுவில் நிற்கும் வங்கி தன் கூலியைக் கழித்திருக்கிறது. எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது என்று படிவத்தில் ஒரு பெட்டி உண்டு. அதில் அடையாளமிட்டால் அங்கே முழுதாகப் போகும், இங்கே கொஞ்சம் கூடப் போகும். ஒரு பவுணுக்கு ஏறத்தாழ 200 ரூபா வந்த 2013 இல், காணாமற்போகும் இருபது பவுண் அங்கே ஒரு பிள்ளையின் பல மாத பஸ் காசாக இருந்தது. அதைவிடப் பெரிது, இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்கினால் சங்கம் இரண்டாகிவிடும்.

கனடாத் தோழிகளுக்கு ஒரு எச்சரிக்கை. நாங்கள் செய்ததை அப்படியே செய்யவேண்டாம். 2022 வரை அங்கே பதிவுசெய்த தர்ம நிறுவனம் வெளிநாட்டுப் பாடசாலைக்குக் காசை வெறுமனே கைமாற்ற முடியவில்லை. தன் சொந்தப் பணியாக, தன் கட்டுப்பாட்டில் அது நடக்கவேண்டியிருந்தது, அதற்குரிய ஆவணமும் வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வரிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் உரிமையே போய்விடக்கூடியதாக இருந்தது. ஒரு நல்ல கணக்காளருக்குக் கொடுக்கும் கட்டணம் அங்கே வீண் செலவல்ல.

ஊரில் இருக்கும் பழைய மாணவியரும் தருகிறார்கள் என்பதை இங்கே இருப்பவர்கள் மறந்துவிடுகிறோம். 2012 இல் டயலொக் கைத்தொலைபேசியில் ஈசி காஷ் என்று ஒன்று வந்திருக்கிறது, கென்யாவில் 2007 இலிருந்து எம்-பெசா நடக்கிற மாதிரி. அதைப் பாவிக்கலாமே என்று கேட்டோம். அவர்கள் சிரித்தார்கள். மருதனார்மடச் சந்தைக்கு வரும்போது ரீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு போவதுதான் அவர்களுக்கு வசதி. அரைமணி நேரம் கதைக்கவும் செய்யலாம். அந்தப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பிரதி மூன்று மாதத்துக்கு ஒருக்கால் எங்களுக்கு வருகிறது. 100 ரூபா, 250 ரூபா, 50 ரூபா. எங்கள் பவுண் கணக்கும் அவர்கள் ரூபாக் கணக்கும் மலரில் ஒரே பட்டியலில், தொகை போடாமல், விலகிய ஆண்டு ஒழுங்கில் வரும். தொகை போடவேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். வாக்கெடுப்பில் தோற்றுவிட்டார்கள்.

ஐந்தாவது பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். அடுத்த வருடம் மீண்டும் பரீட்சை எடுத்தாள். இப்போது வேலைசெய்கிறாள். போன தவணை ஊர்ப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் அவளுடைய பெயர் இருந்தது. தொகையைச் சொல்லமாட்டோம்.

வாசலடி மேசையில் நிலையியற் கட்டளைப் படிவங்கள் இருக்கின்றன. பட்டியலின் முதற்படியும் அங்கே இருக்கிறது. உங்கள் பெயர் கணவருடைய பெயராக வந்திருந்தால், ஆண்டு பிழைத்திருந்தால், பேனாவால் வெட்டித் திருத்திவிடுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.